கையை அழுத்தியது யார்?

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் ஏதோ வேலையில் மூழ்கியிருக்கிறோம். சட்டென்று அது நிற்கிறது. நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் ஒரு கரகரப்புச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது என்று உறைக்கிறது. சரி, நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்பு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேனா, இல்லையா?

கேட்கவில்லை என்றால், நின்றது எப்படித் தெரிந்தது? கேட்டேன் என்றால், கேட்கிறேன் என்பது எனக்கே ஏன் தெரியாமல் போனது?

நெட் பிளாக் என்கிற அமெரிக்கத் தத்துவவாதி 1995-ல் எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட இதே கேள்வி வருகிறது. அவருடைய உதாரணத்தில் மின்விசிறிக்குப் பதில் தெருவைக் குடையும் இயந்திரம். ஓர் அனுபவம் நமக்குள் நிகழ்வது ஒன்று. அது நம் யோசனைக்கும் பேச்சுக்கும் கைவசப்படுவது வேறொன்று என்றார் அவர். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். டேனியல் டெனட் போன்றவர்கள் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை. கைவசப்படாத அனுபவத்தை அனுபவம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. இரண்டு பக்கமும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், இன்னும் தீரவில்லை.

தத்துவ வகுப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்வரை இது சுவாரசியமான சண்டை, அவ்வளவுதான். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் இதே கேள்விக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. உணர்வது, உணர்கிறேன் என்று அறிவது, அதை வெளியே சொல்வது ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றாவதை வைத்தே முதலாவதை அளந்து பழகிவிட்டோம். சொல்ல வாயில்லாதவரின் உள்ளே ஒன்றுமில்லை என்று தீர்ப்பும் எழுதிவிட்டோம். இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பது அதைத்தான்.

எனக்கு ஒருமுறை முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். முகமூடியை மூக்கில் வைத்து எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார் மருத்துவர். சொல்ல ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து வேறோர் அறையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தூங்கி எழுந்தால் நேரம் போயிருக்கிறது என்ற உணர்வாவது இருக்கும். இங்கே அதுவும் இல்லை. படச்சுருளில் நடுத்துண்டை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டியதுபோல இருந்தது. அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால், எங்கேயும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் சொல்வதெல்லாம் நினைவை வைத்து. நினைவில் ஒன்றுமில்லை என்பதற்கும் அப்போது ஒன்றுமே நிகழவில்லை என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தவர் மைக்கேல் டன்ஸ்டால், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மயக்க மருத்துவராக இருந்தவர். மயக்கம் கொடுக்கும்போது பல அறுவை சிகிச்சைகளில் தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது ஏறிவிட்டால் நோயாளி விழித்துக்கொண்டாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. டன்ஸ்டால் 1977-ல் விவரித்த உத்தி எளிமையானது. தசைத் தளர்ப்பு மருந்தை ஏற்றுவதற்கு முன்பே, ஒரு கையின் மேற்புறத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி இறுக்கிவிடுவது. மருந்து உடல் முழுக்கப் பரவும், அந்த ஒரு கைக்கு மட்டும் போகாது. பிறகு நோயாளியின் காதருகே குனிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நான் பேசுவது கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று சொல்வது.

சிலர் அழுத்துகிறார்கள்.

2017-ல் வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் 260 பேரில் 12 பேர் அழுத்தினார்கள். இதற்கு முந்தைய சில சிறிய ஆய்வுகளில் இந்த விகிதம் இன்னும் அதிகம். இப்படி அழுத்தியவர்களில் பெரும்பாலானவர்களிடம் பிறகு விசாரித்தால், ஒன்றும் ஞாபகம் இல்லை, நன்றாகத் தூங்கினேன் என்பார்கள். பொய் சொல்வதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

அப்படியானால் கையை அழுத்தியது யார்?

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. ஒருவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டார் என்பதாலேயே அதை உணர்ந்து செய்தார் என்று ஆகிவிடாது. லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் 1970-களில் ஆராய்ந்த 'டி.பி.' என்ற நோயாளி இதற்குச் சாட்சி. மூளையின் பின்புறம் பார்வைப் பகுதியில் ஒரு பாகத்தை அறுவை செய்து எடுத்ததால், அவருக்குப் பார்வைப் புலத்தின் ஒரு பக்கம் இருண்டுபோனது. அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, எங்கே இருக்கிறது என்று கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பார். பரவாயில்லை, குத்துமதிப்பாகக் காட்டுங்கள் என்றால், விரல் கிட்டத்தட்டச் சரியான இடத்துக்குப் போகும். மதிப்பெண்ணைச் சொன்னால் அவருக்கே ஆச்சரியம். குருட்டுப்பார்வை என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகவே கையை அழுத்தியதும் இதுபோல உள்ளே ஆளில்லாமல் நடந்த காரியமாக இருக்கலாமே என்று கேட்டால், இருக்கலாம். முழுவதுமாக மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். இருட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளியைச் சுட்டுவதும், ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அதில் 'கேட்டால்' என்ற நிபந்தனையைப் புரிந்துகொண்டு, அதன்படி கையை அழுத்துவதும் ஒரே ரகமான காரியங்கள் என்று எனக்குப் படவில்லை. சந்தேகத்தின் பலனை நான் கைக்குத்தான் கொடுப்பேன்.

நினைவு இல்லாமல் பிரக்ஞை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யக் கஷ்டமாக இருந்தால் கிளைவ் வேரிங்கின் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்துக்காரர், இசைஞர், சேர்ந்திசை நடத்துநர். 1985-ல் ஹெர்ப்பிஸ் கிருமி மூளையைத் தாக்கியதில், புதிதாக எதையும் சில நொடிகளுக்கு மேல் மனதில் வைத்திருக்க முடியாமல் போனது. கண்ணைச் சிமிட்டுவதற்குள் முந்தைய காட்சி மறைந்துவிடும். அவர் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். இப்போதுதான் முதன்முறையாக உண்மையிலேயே விழித்திருக்கிறேன் என்று நேரம் குறித்து எழுதுவார். சிறிது நேரம் கழித்துப் பார்ப்பார். மேலே யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள், கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் அப்போது தான் விழித்திருக்கவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதை அடித்துவிட்டு, இப்போதுதான் உண்மையான விழிப்பு என்று மறுபடி எழுதுவார். பக்கம் பக்கமாக இதே வரி.

இதில் அவர் பிரக்ஞையற்றவர் என்று யாராவது சொல்ல முடியுமா? பியானோ முன்னால் உட்கார்ந்தால் வாசிக்கிறார். மனைவி அறைக்குள் வரும்போதெல்லாம் பல வருடம் காணாதவரைக் கண்டதுபோல் பூரிக்கிறார். அனுபவம் முழு வெளிச்சத்தோடு இருக்கிறது. இல்லாதது தொடர்ச்சி மட்டும். 'நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே நான்' என்று நாம் சாவகாசமாக நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கதை அவரிடம் இல்லை. எனக்கு அவருடைய நாட்குறிப்பில் பயமுறுத்துவது அந்த அடித்தல்கள்தான். முந்தைய நொடியில் இருந்தவனை ஆளே இல்லை என்று இந்த நொடியில் இருப்பவன் தீர்மானிக்கிறான். மயக்கம் தெளிந்து நான் எங்கேயும் இல்லை என்று சொன்னதும் அதே மாதிரியான தீர்மானமாக இருக்கக்கூடும்.

சரி, நினைவு போனவர்களை விடுவோம். எல்லாம் ஒழுங்காக இருப்பவர்களின் வாக்குமூலமாவது நம்பத் தக்கதா?

கடுமையான வலிப்பு நோய்க்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டிவிடும் சிகிச்சை ஒன்று இருந்தது. அப்படி வெட்டப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார், 1981-ல் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970-களில் செய்த ஒரு சோதனையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, ஒவ்வொரு முறையும் கேட்பவர் முகம் மாறும்.

நோயாளியின் எதிரே ஒரு திரை. திரையின் வலது பக்கம் ஒரு கணம் தோன்றுவது இடது மூளைக்கும், இடது பக்கம் தோன்றுவது வலது மூளைக்கும் மட்டும் போய்ச் சேரும். பாலம் வெட்டப்பட்டிருப்பதால் ஒன்று பார்த்தது மற்றதற்குத் தெரியாது. இடது மூளைக்குக் கோழிக்கால் படத்தைக் காட்டினார்கள். வலது மூளைக்குப் பனி மூடிய வீட்டின் காட்சி. பிறகு முன்னால் பரப்பியிருக்கும் படங்களில் பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். வலது கை கோழியை எடுத்தது. இடது கை மண்வாரியை எடுத்தது, பனியை அள்ள. இரண்டுமே சரி.

இப்போது, ஏன் இந்த இரண்டையும் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது பேச்சை வைத்திருக்கும் இடது மூளை. அது பனியைப் பார்க்கவே இல்லை. மண்வாரி எதற்கென்று அதற்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்கால் கோழிக்குப் பொருத்தம், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது.

கசானிகா இடது மூளையின் இந்த வேலையை விளக்கம் சொல்பவர் என்று அழைத்தார். நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒருவர் இருக்கிறார். நடந்ததைப் பார்த்துவிட்டு, நான் இதனால்தான் இப்படிச் செய்தேன் என்று கோவையாகக் கதை கட்டிக் கொடுப்பார். கதை கட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

இது மூளை வெட்டப்பட்டவர்களின் விசித்திரம் என்று ஒதுக்கவும் முடியாது. சுவீடனில் பீட்டர் யோஹான்சனும் லார்ஸ் ஹாலும் 2005-ல் வெளியிட்ட சோதனையில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள். இரண்டு பெண்களின் புகைப்படங்களைக் காட்டி, யார் அழகு என்று கேட்பார்கள். ஒருவர் ஒன்றைச் சுட்டியதும், கைவித்தை செய்து மற்றப் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பார்கள். பெரும்பாலோர் படம் மாறியதைக் கவனிக்கவே இல்லை. தாங்கள் ஒதுக்கிய முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு பிடித்தது, அந்தக் காதணி பிடித்தது என்று காரணம் அடுக்கினார்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க நரம்பியலாளரை இழுத்து வருவார்கள். விரலை அசைக்க முடிவெடுத்தேன் என்று நமக்குத் தெரிவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி முன்பே மூளையில் மின் அலை எழும்பிவிடுகிறது, ஆகவே சுதந்திர விருப்பம் என்பதே மாயை என்று. 1983-ல் வந்த சோதனை. அந்த அலை ஒரு முடிவே அல்ல, மூளையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கங்கள் தற்செயலாகக் குவிந்து வரம்பைத் தொடுவதுதான் என்று ஆரன் ஷுர்கர் குழு 2012-ல் மாற்று விளக்கம் கொடுத்தது. எனக்கு அந்த விளக்கம் ஒப்புக்கொள்ளும்படி இருக்கிறது. எப்படியும், விரலசைவை வைத்து மனித சுதந்திரத்துக்கு இரங்கல் கூட்டம் நடத்துவது கொஞ்சம் அதிகம்.

உள்ளே இருக்கும் இந்த 'நான்' என்பவரை நேரடியாகவே போய்ப் பார்த்துவிடலாமே என்று கிளம்பியவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் இருவர், இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739-ல் எழுதினார்: எனக்குள் எவ்வளவு கூர்ந்து நுழைந்து பார்த்தாலும் சூடு, குளிர், வெளிச்சம், வலி, மகிழ்ச்சி என்று ஏதாவது ஓர் உணர்வு தட்டுப்படுகிறதே தவிர, அதையெல்லாம் உணரும் 'நான்' தட்டுப்படுவதே இல்லை. ஆகவே நான் என்பது உணர்வுகளின் கட்டு, அவ்வளவுதான் என்றார். அடுத்த ஆண்டே பின்னிணைப்பு ஒன்று எழுதி, இந்த விஷயத்தில் வழி தெரியாத சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதே நூலில், இப்படி யோசித்து யோசித்து மனம் இருண்டுபோகும்போது தான் நண்பர்களோடு சாப்பிட்டு, பேக்கேமன் என்ற பகடை விளையாட்டு ஆடி, அரட்டை அடித்து மீண்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். தத்துவவாதிகள் எழுதியதிலேயே நேர்மையான பக்கங்களில் அது ஒன்று.

ரமணர் அதே தேடலை எதிர்த்திசையில் கொண்டுபோனார். 1896-ல், பதினாறு வயதில், காரணமில்லாமல் மரண பயம் பிடித்துக்கொள்ள, பயந்து ஓடாமல் பிணம்போலப் படுத்து, உடல் செத்தால் நானும் சாவேனா என்று விசாரித்தார். எழும் ஒவ்வோர் எண்ணத்தையும் 'இது யாருக்கு?' என்று கேள், 'எனக்கு' என்று பதில் வரும், அந்த 'நான் யார்?' என்று மேலும் கேள் என்பது பிற்காலத்தில் அவர் காட்டிய வழி. ஹியூமைப் போலவே அவரும் தேடிப்போன 'நான்' என்ற எண்ணம் பிடிபடாமல் கரைகிறது என்கிறார். ஹியூம் அங்கே ஒன்றுமில்லை என்று திரும்பினார். ரமணர் கரைந்தபின் மிஞ்சுவதே நிஜம் என்றார். ஒரே அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவர் காலி என்கிறார், மற்றவர் நிறைவு என்கிறார். யார் சரி என்று தீர்க்கும் அருகதை எனக்கில்லை. இருவரும் ஒத்துப்போகும் இடமே எனக்குப் போதும்: நாம் அன்றாடம் 'நான்' என்று சொல்லித் திரியும் ஆசாமி, நெருங்கிப் பார்த்தால் அங்கே இல்லை.

தன்னைத் தான் அறிவது இவ்வளவு ஆட்டம் காணும் விஷயம். இருந்தும் மற்ற உயிர்களுக்கு நாம் வைத்த பரீட்சை அதில்தான்.

கார்டன் கேலப் 1970-ல் மயக்கத்தில் இருக்கும் சிம்பன்சிகளின் புருவத்திலும் காதிலும் நிறப்பொட்டு வைத்து, விழித்ததும் கண்ணாடியைக் காட்டினார். அவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தங்கள் பொட்டைத் தொட்டன. தன்னுணர்வு உண்டு என்று தேர்ச்சி கொடுத்தார்கள். மனிதக் குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் தேறுகின்றன. யானைகளில் 2006-ல் சோதித்த மூன்றில் ஒன்று தேறியது. நாய் தேறவில்லை. நாயின் உலகம் மூக்கில் இருக்கும்போது கண்ணாடியை நீட்டினால் அது என்ன செய்யும்? அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2017-ல், நாய்களுக்கு அவற்றின் சிறுநீரையே முகரக் கொடுத்தார், இன்னொரு முறை அதில் வேறொரு வாசனையைக் கலந்து கொடுத்தார். கலந்ததை அதிக நேரம் முகர்ந்தன. என் வாசனையில் ஏதோ கோளாறு என்பதுபோல.

இதைவிடச் சங்கடம் 2019-ல் வந்தது. விரல் நீளமே உள்ள, மற்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும் ஒரு சிறு மீன் கண்ணாடிச் சோதனையில் தேறிவிட்டது என்று ஜப்பானைச் சேர்ந்த மசனோரி கோடா குழு அறிவித்தது. தொண்டையில் வைத்த பொட்டைக் கண்ணாடியில் கண்டு, அடித்தரையில் உரசித் துடைக்கப் பார்த்தது அந்த மீன். கேலப் இதை ஏற்கவில்லை. சிம்பன்சி தேறியபோது, ஆகா, தன்னுணர்வு என்றோம். மீன் தேறியபோது, சோதனையில் ஏதோ ஓட்டை என்கிறோம். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் நம் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. யாருக்கு உள்ளம் இருக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் பரீட்சையைத் திருத்துகிறோம்.

மீன் விஷயத்தில் இப்படி இருந்தால் போகட்டும் என்று விடலாம். நாம் மனிதக் குழந்தைகளுக்கும் இதைச் செய்திருக்கிறோம். 1980-களின் நடுப்பகுதி வரைக்கும், பணக்கார நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில்கூட, குறைமாதக் குழந்தைகள் பலருக்குப் போதுமான வலி மருந்து இல்லாமல், தசைத் தளர்ப்பு மருந்தும் பெயரளவுக்கு மயக்க வாயுவும் கொடுத்து நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். நரம்புகள் முதிரவில்லை, வலி தெரியாது. தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது. பலமான மருந்தைக் கொடுத்தால் தாங்காது. காரணங்கள் இவை. மூன்றாவதிலாவது ஒரு மருத்துவரின் பயம் இருக்கிறது. இரண்டாவதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. ஞாபகம் இருக்காது என்பதற்காக வலி குறையுமா?

ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய மருத்துவரும் சக ஆய்வாளர்களும், 1987-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வழக்கமானதோடு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்து பெறாத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சிக்கான ஹார்மோன்கள் எகிறின. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். வாய் திறந்து சொல்ல முடியாததை ரத்தம் சொன்னது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பும் பச்சிளம் குழந்தைகளுக்கும் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது.

அடுத்தது பெரியவர்கள். சாலை விபத்தில் மூளை அடிபட்டு, கோமாவிலிருந்து மீண்டு கண் மட்டும் திறந்திருக்கும், ஆனால் எதற்கும் பதில் தராத நிலை. தாவர நிலை என்று அதற்குப் பெயர். கொடுமையான பெயர். அப்படிக் கிடந்த 23 வயதுப் பெண் ஒருவரை ஏட்ரியன் ஓவன் என்ற நரம்பியலாளரின் குழு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி ஒளிர்ந்தது. உங்கள் வீட்டின் அறைகளுக்குள் நடந்து போவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார்கள். இடங்களை நினைவில் வைக்கும் பகுதி ஒளிர்ந்தது. ஆரோக்கியமானவர்களின் படத்தோடு வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. 2006-ல் இது வெளியானது.

நான்கு ஆண்டு கழித்து 54 நோயாளிகளைச் சோதித்ததில் 5 பேரால் இப்படி மூளையை வேண்டும்போது இயக்க முடிந்தது. அவர்களில் ஒருவரிடம், ஆமாம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, உங்கள் அப்பா பெயர் இதுவா என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டார்கள். ஆறில் ஐந்துக்குச் சரியான விடை வந்தது. பல வருடமாக ஆளில்லை என்று எழுதிவைத்த உடம்பிலிருந்து.

2024-ல் வெளியான பெரிய ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளைப் பதிவில் கட்டளையைப் பின்பற்றினார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. படுக்கையில் கட்டளைக்கு வெளிப்படையாகவே அசைவு காட்டியவர்கள் 112 பேர். அவர்களில் 38 சதவீதம் பேர் மட்டுமே இந்த மூளைச் சோதனையில் தேறினார்கள். சோதனையே மீதிப் பேரைத் தவறவிடுகிறது. ஆகவே 60 என்பதும் குறைந்தபட்சக் கணக்குதான்.

பிரக்ஞை மூளையில் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருந்தால் இப்படிக் குருட்டாம்போக்கில் தடவ வேண்டியதில்லை. தெரியவில்லை. நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள், அதில் 6,900 கோடி சிறுமூளையில் மட்டும். சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்கள் தள்ளாடி நடக்கிறார்கள், குழறிப் பேசுகிறார்கள், ஆனால் பிரக்ஞைக்குக் குறைவில்லை. எண்ணிக்கை விஷயமில்லை என்பது வரை தெரியும். டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியிடம் கிறிஸ்டாஃப் கோக் என்ற நரம்பியலாளர் 1998-ல், 25 ஆண்டுக்குள் மூளையில் பிரக்ஞையின் தடயத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று ஒரு பெட்டி ஒயினுக்குப் பந்தயம் கட்டினார். 2023-ல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயினைக் கொடுத்தார். அதே ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், கோக் ஆதரிக்கும் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். 2025-ல் இரண்டு முன்னணிக் கோட்பாடுகளை நேருக்கு நேர் மோதவிட்டதில் இரண்டுமே அடிபட்டன. வீட்டுச் சண்டை மாதிரிதான் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தச் சண்டைக்கு நடுவில் புதிய சாட்சி ஒன்று கூண்டில் ஏறியிருக்கிறது. 2022-ல் கூகுள் பொறியாளர் ஒருவர், தன்னோடு உரையாடும் மென்பொருளுக்குப் பிரக்ஞை வந்துவிட்டது என்று அறிவித்தார். அது தனக்குப் பயம் இருக்கிறது என்று சொன்னதாம். நான் இதுவரை சொன்னதெல்லாம் இங்கே தலைகீழாகிறது. குழந்தையிடமும் நோயாளியிடமும் உள்ளே ஆள் இருந்தார், வாக்குமூலம் இல்லை. இங்கே வாக்குமூலம் கொட்டிக்கிடக்கிறது, ஆனால் அது முழுவதும் நாம் எழுதியதைப் படித்துக் கற்றது. பயந்தவர்கள் எழுதிய கோடிக்கணக்கான வரிகளைப் படித்த ஒன்று, பயமாக இருக்கிறது என்று சொல்வதில் அதிசயம் இல்லை. அது எதையும் உணரவில்லை என்பதற்கும் அதுவே நிரூபணம் ஆகிவிடாது. அந்த வாக்குமூலத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். பேசுவதை வைத்து ஏமாறும் நம் பழைய பழக்கம் இங்கே எதிர்ப்பக்கம் சாய வைக்கும் என்று நினைக்கிறேன். நன்றாகப் பேசும் இயந்திரத்தின்மேல் இரக்கம் வேகமாக வரும். பேசாத நண்டின்மேல் வராது. பிரிட்டனில் 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டம் நண்டையும் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தபோது எத்தனை பேர் கவனித்தார்கள்?

ஓவனின் ஆய்வைப் படித்த பிறகு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நான் அப்படி ஏதாவது படுக்கையில் கிடந்தால், பேசாமல் இருக்காதீர்கள், அந்தப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று விசாரியுங்கள், டென்னிஸ் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள் என்று. மகள், "அப்பா, நீங்க டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையே, உள்ளே இருந்துகொண்டு என்னத்தைக் கற்பனை செய்வீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் விவாதித்தோம். ஆமாம் என்றால் நீச்சல், இல்லை என்றால் வீடு என்று முடிவாகியிருக்கிறது.